மடக்கிய இருக்கை

தெருவில் அவளை எல்லோரும் டேப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் பத்தடி அளவு நாடா, இரண்டாக மடித்து, எப்போதும் தொங்கும். கடைக்குப் போனாலும் தொங்கும், டாக்டரிடம் போனாலும் தொங்கும். ஒருமுறை டாக்டர் நெஞ்சில் குழாயை வைப்பதற்காக அதைக் கழற்றச் சொன்னபோது, "உங்க கழுத்துல தொங்கறதை நீங்க கழட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு நாடாவுக்கு மேலேயே வைத்துப் பார்த்தார்.

ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் சட்டைக் கம்பெனியில் காலர் அடித்துக்கொண்டிருந்தவள். யாரோ வேண்டாமென்று போட்ட பழைய திரை ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, தையல் தையலாகப் பிரித்து, மறுபடி அதேபோல் தைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கொசுவம் எத்தனை விரல் இடைவெளியில் விழ வேண்டும், காற்றில் பறக்காமல் இருக்க அடிமடிப்பில் எங்கே ஈயத்துண்டு வைக்க வேண்டும் என்பதெல்லாம் பிரித்ததில் தெரிந்தது. சுவரில் துளை போட்டுத் தாங்கி அடித்துக் கம்பி மாட்டுவது கணவன் வேலை. அவன் ஏணியில் நிற்பான், அவள் கீழே நின்று வீட்டுக்காரர்களிடம் பேசுவாள். என்ன துணி, எந்த நிறம், தரையைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். அவன் பேசவே மாட்டான். "வாயில ஸ்க்ரூ வெச்சிருக்காரு, பேசினா விழுந்துடும்" என்று அவளே சொல்லிச் சிரிக்க வைப்பாள். உண்மையாகவே வாயில் ஸ்க்ரூ இருக்கும்.

அவர்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. முக்கும், முனகும், ஏற்றத்தில் கரும்புகை கக்கும். ஆனால் வீட்டில் நடக்காத குடும்பம் அந்த வேனில்தான் நடந்தது. வீட்டில் அவள் மிஷினில் இருப்பாள், அவன் ரேடியோவில் இருப்பான். வேனில் ஏறி உட்கார்ந்தால் போதும், பேச்சு தானாக வரும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தது சிக்னலில் நின்றபோது. அவன் அண்ணன் பேச்சை எடுத்துச் சண்டை போட்டதும், பாதி வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று அவள் கதவைத் திறக்கப் பார்த்ததும், "திற, அது உள்ளேர்ந்து திறக்காது" என்று அவன் சொன்னதும், இரண்டு பேரும் சிரித்ததும் அந்த வேனில்தான். பழைய வாடிக்கையாளர் தெருக்களில் போகும்போது, "கொஞ்சம் மெதுவா போங்க" என்பாள். அண்ணாந்து ஜன்னல்களைப் பார்ப்பாள். "அது நம்ம துணி. பாருங்க, இன்னும் கொசுவம் கலையல." அவன் பார்க்க மாட்டான். ஆனால் மெதுவாகப் போவான்.

நகரத்தின் நடுப்பகுதிக்குள் புகை விடும் வண்டிகள் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கிற வீடுகளில் முக்கால்வாசி அங்கேதான் இருந்தன. மின்சார வேன்கள் கைக்கு எட்டாத விலை. சின்ன மின்சார கார்தான் கட்டுப்படியாகும் என்று ஆயிற்று.

"கார்ல எப்படிடீ கம்பி ஏத்தறது?" என்றான் அவன்.

"அளந்து பாக்காம ஏன் பேசறீங்க?" என்றாள்.

கார் விற்கும் இடத்துக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை போட்ட விற்பனையாள் பின்கதவைத் திறந்து காட்டி, சாமான் வைக்கும் இடம் இத்தனை லிட்டர் என்றான்.

"லிட்டரா? நான் என்ன பாலா ஊத்தப் போறேன்?"

"எல்லா கார்லயும் அப்படித்தான்மா சொல்வாங்க."

"முன்னாடி இன்ஜின் இல்லைன்னு சொன்னீங்களே, அங்க இடம் இருக்கணுமே? திறங்க."

திறந்தான். பெட்டியும் ஒயருமாக அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கைக்குட்டை வைக்க இடமில்லை. மூடச் சொல்லிவிட்டாள். பின்னால் போனாள். தரைப்பலகையைத் தூக்கினால் கீழே ஒரு குழி. அதில் சார்ஜ் போடும் கேபிள் சுருட்டி வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு ஆழம் பார்த்தாள். கேபிளையும் வைத்து, அவனுடைய துளை போடும் மிஷினையும் வைக்கலாம். பின்சீட்டு ஒரே பலகையாக முழுசாக மடிந்து படுத்தது. "பாதி பாதியா மடியறது மேல் ரகம்மா, இதுல இல்ல" என்றான் விற்பனையாள். அது அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை. ஒரே சமதளமாக இருந்தால் துணி கசங்காது.

நாடாவை விட்டாள். பின்கதவிலிருந்து முன்சீட்டின் முதுகு வரை ஐந்தடி சொச்சம். போதாது. முன்பக்கம் போய், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கைப்பிடியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். இருக்கையின் முதுகு அப்படியே முன்னால் மடிந்து படுத்துக்கொண்டது. இப்போது நாடாவின் ஒரு முனையை அவன் பின்கதவில் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவள் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து இறுக்கினாள். ஏழரை அடி. அவர்கள் மாட்டுகிற பெரிய கம்பியும் ஏழரை அடிதான். நாடாவைச் சற்றுக் குறுக்காகப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரற்கடை மிச்சம்.

"உக்காருது," என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"மேல கேரியர் போட்டுக்கலாமா?" என்று அவன் விற்பனையாளைக் கேட்டான்.

"இந்த வண்டிக்கு மேல பாரம் ஏத்தக் கூடாது சார்."

"எதுக்குங்க கேரியர்? அதான் உள்ளயே உக்காருதுங்கறேனே," என்று அவள்தான் சொன்னாள். விற்பனையாள் அவளைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் காரை அளந்து வாங்கியதில்லை என்று சொல்லிக் கும்பிட்டான். அந்தப் பெருமை அவளுக்குப் பல நாள் தாங்கியது.

கார் வந்த பிறகு முதல் வேலை. கம்பிகளைப் பின்னாலிருந்து செருகினார்கள். உறையில் வாள் போவது மாதிரிப் போயிற்று. பக்கத்தில் மடக்கு ஏணி, அதன்மேல் துணி மூட்டை, முன்னால் கால் வைக்கும் இடத்தில் தாங்கிப் பெட்டி. எள் போட்டால் எள் விழாது. ஆனால் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. அவன் பின்கதவை மூடிவிட்டுக் கை தட்டினான்.

"உன் அளவு அளவுதான்!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவள் உட்கார வேண்டிய இடத்தில் கம்பிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். முதலில் அவன்தான் சிரித்தான். "உன்னை எங்க வெக்கிறது இப்போ?" அவளும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். கம்பியை அளந்தாள், ஏணியை அளந்தாள், கேபிள் குழியை அளந்தாள். தன்னை அளக்கவில்லை.

"சரி, இன்னிக்கு ஒரு நாள் நான் பாத்துக்கறேன். நீ வீட்ல இரு" என்று சொல்லி அவன் கிளம்பினான். வேன் என்றால் தெருமுனை திரும்பும் வரை சத்தம் கேட்கும். இது போனதே தெரியவில்லை.

ஒரு நாள் என்றது ஒரு வாரமாயிற்று. அவள் யோசிக்காமல் இல்லை. நடுவில் ஒட்டுப் போட்ட கம்பி வாங்கினால் பாதி நீளத்தில் மடித்து வைக்கலாம். ஆனால் ஒட்டுக் கம்பியில் வளையம் மாட்டிக்கொள்ளும், திரை இழுக்க வராது, அதைத் தொடவே கூடாது என்று தொழில் தொடங்கிய நாளிலிருந்து சொன்னவள் அவள்தான். வீம்பை அடக்கிக்கொண்டு ஒருநாள் கேட்டாள்.

"ஒட்டுக் கம்பி போட்டா என்னங்க?"

"நீயா கேக்கற?" என்றான். அவள் திரும்ப மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

பெண்ணிடம் போனில் சொன்னாள். "உனக்கு நல்லதுதானேம்மா. இத்தனை வருஷம் வெயில்ல அலைஞ்சது போதாதா? வீட்லயே உக்காந்து தை. அப்பா பாத்துக்குவாரு" என்றாள் பெண். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவளுக்கு ஓய்வு கிடைத்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரி, "கொடுத்து வெச்சவ நீ" என்றே சொன்னாள்.

ஒரு வீட்டில் மாட்டிவிட்டு அவன் அப்படியே அடுத்த வீட்டையும் அளந்துவிடுவான்; அளவுகள் போனில் வர ஆரம்பித்தன. அவன் எழுத மாட்டான், பேசி அனுப்புவான். "ஹால் ஜன்னல், அகலம் ஆறு, உயரம் ஏழே கால்." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும். வாயில் ஸ்க்ரூ வைத்திருந்தவன் இப்போது வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அளவுக்காக அல்ல. பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள. ஒரு பதிவில், "துணி இந்த மாதிரி எடுத்துக்குங்க, வெளிச்சம் நல்லா உள்ள வரும்" என்று அவன் சொன்னது கேட்டது. அது அவள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். அவள் சொல்லும்போது விடும் சின்ன நிறுத்தத்தைக்கூட விட்டுத்தான் சொன்னான்.

ஒருநாள் பஸ் ஏறிவிட்டாள். நகரத்துக்குள் ஒரு மாடி வீடு. அவன் காலையிலேயே சாமானோடு போயிருந்தான். நேரே அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று அவள் எண்ணம். இரண்டு பஸ் மாறி, படியேறி, கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு மணியை அழுத்தினாள். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார்.

"யாரு வேணும்?"

"திரை மாட்ட வந்திருக்காங்களே..."

"ஓ, நீங்கதான் தைக்கறவங்களா? அவர் சொன்னாரு, தைக்க ஒரு ஆள் இருக்குன்னு. வாங்க வாங்க."

உள்ளே ஏணியின் உச்சியில் அவன் நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா சொன்னது அவன் காதில் விழாமல் இருக்க முடியாது. திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா? அந்தக் கொக்கிப் பையை எடு" என்றான்.

எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். தாங்கி நேராக இருந்தது. இரண்டு பக்கமும் மட்டம் சரி. குறை சொல்ல ஒன்றாவது இருக்கும் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். இல்லை. வீட்டுக்காரம்மா அவனிடம்தான் எல்லாம் கேட்டார். துவைக்கலாமா, எந்த சோப்பு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எல்லாம். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து நாற்காலி காட்டினார். விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கம்பிகளை மாட்டிவிட்டதால் திரும்பும்போது காரில் இடம் இருந்தது. அவன் இருக்கையை நிமிர்த்தி, மேலே இருந்த சுண்ணாம்புத் தூளைக் கையால் தட்டினான். அவள் உட்கார்ந்தாள். கம்பிகள் அழுத்தி அழுத்தி இருக்கையின் முதுகில் பள்ளம் விழுந்திருந்தது.

"தைக்க ஒரு ஆள் இருக்குன்னீங்களாமே."

"யாரு தைக்கிறதுன்னு கேட்டாங்க. ஆள் இருக்குன்னேன். அதுல என்ன?"

"பொண்டாட்டின்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"வேலை எடத்துல போய் பொண்டாட்டி கிண்டாட்டின்னு... அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"இத்தனை வருஷமா அந்த எடத்துல நான் யாராம்?"

"இப்ப யாரு இல்லைன்னா? பஸ்ல இடிபட்டு வந்து அங்க என்னத்தைக் கண்ட? நானே முடிச்சிருப்பேன்."

அதுதான் விஷயம். அவனே முடித்திருப்பான். வழியில் பழைய தெரு ஒன்று வந்தது. அவள் மெதுவாகப் போகச் சொல்லவில்லை. அவனும் மெதுவாகப் போகவில்லை. வீட்டில் இறங்கியபோது முதுகெல்லாம் வெள்ளைத்தூள். அவன் தட்டிவிட வந்தான். "பரவாயில்ல" என்று விலகிக்கொண்டாள்.

மறுநாள் வந்த அளவை அவள் அப்படியே வைத்துத் தைத்தாள். தைக்கிற ஆள் எப்படித் தைக்க வேண்டுமோ அப்படித் தைத்தாள்.

இதற்கு முன் அவள் அப்படிச் செய்ததில்லை. அவன் ஜன்னலின் நடுவில் ஒரே இடத்தில் அளந்து சொல்வான். எந்த வீட்டுத் தரையும் மட்டமாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பருத்தித் துணி இஸ்திரிச் சூட்டில் சுருங்கும் என்றும் தெரியும். அதனால் வெட்டும் முன்னே துணியை ஆவியில் காட்டி, அளவுக்கு மேல் விட்டு, அடிமடிப்பை ஆழமாக மடித்துத் தைப்பாள். மாட்டிப் பார்த்துத் தேவையானால் இறக்கிக்கொள்ளலாம். இதை அவள் அவனிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. இந்த முறை ஆவி இல்லை, மேல்விடுதல் இல்லை, அடிமடிப்பு மெல்லிசு. அவன் குரல் சொன்ன எண் எதுவோ, அது.

இரண்டு நாள் கழித்துத் திரைகளைச் சுருட்டிக்கொண்டு வந்து மிஷின்மேல் போட்டான்.

"நாலு விரக்கடை தூக்கிக்கிட்டு நிக்குது. ஒரு பக்கம் தரை தெரியுது, ஒரு பக்கம் பின்னாடி நிக்கறவங்க காலே தெரியுது. சின்னப் புள்ள பாவாடை மாதிரி. அந்த அம்மா சிரிக்கறாங்க."

"நீங்க சொன்ன அளவுதான். போட்டுக் கேளுங்க."

"நீ எப்பவும் இப்படியா தைப்ப?"

"தைக்கிற ஆள் சொன்னதைத்தானே தைக்கணும்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தட்டும், அப்புறம், 'நீ இல்லாம முடியலடீ, நாளைலேர்ந்து ரெண்டு நடை அடிக்கறேன், முதல்ல கம்பியை இறக்கிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்லட்டும். அந்த வாக்கியத்தை அவள் மனசுக்குள் அவனுக்காகத் தயாராகவே வைத்திருந்தாள்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையின் அடியை விரலால் நீவினான். கோபம் இறங்கிவிட்டது. "சரி, எவ்ளோ சேர்ப்ப எப்பவும்?" என்று கேட்டான். பள்ளிப் பையன் கேட்பது மாதிரிக் கேட்டான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒன்றுக்கு ஒன்றரை சொல்லிக் குழப்பியிருக்கலாம். தொழிலைப் பற்றி யாராவது நேராகக் கேட்டால் பொய் சொல்ல அவளுக்கு வராது. இரண்டு மூலையிலும் நடுவிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும் என்றாள். மூன்றில் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். பருத்திக்கு இவ்வளவு, பட்டு மாதிரித் துணிக்கு இவ்வளவு, உள்துணி வைத்தால் இவ்வளவு. பேசப் பேச அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. துணியை விரித்து மடித்துக்கூடக் காட்டினாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஒருமுறை திருப்பிச் சொன்னான். தப்பில்லாமல் சொன்னான்.

"இவ்ளோதானா? இனிமே நானே சேர்த்துச் சொல்லிடறேன். உனக்கும் யோசனை வேணாம்."

எழுந்து சாப்பிடப் போனான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். காரை அளந்த அன்று ஒருமுறை வைத்துக்கொண்டவள், இப்போது இரண்டாம் முறையாக வைத்துக்கொண்டாள். குட்டைத் திரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே துணியில் அடியில் ஒரு பட்டி சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒட்டுத் தெரியாமல் சேர்க்க அவளால் முடியும். ஆனால் ஒட்டு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் கையால் கெட்ட முதல் திரை அது.

அதற்குப் பிறகு வந்த அளவுகளில் தப்பே இல்லை. "மூணு எடத்துலயும் அளந்துட்டேன். சுருக்கம் சேர்த்துட்டேன். அப்படியே வெட்டு."

மழைக்காலம் தொடங்கும் சமயம் ஒரு வேலை வந்தது. கம்பி ஏற்கெனவே இருக்கிற வீடு. துணி மட்டும் மாற்றினால் போதும். ஏணிகூட அந்த வீட்டிலேயே இருக்கிறதாம். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "இன்னிக்கு கம்பி இல்ல. வர்றதுன்னா வாயேன்."

அவள் நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டாள். தலை வாரினாள். கண்ணாடியில் பார்த்து நாடாவை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். துணி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

இருக்கை மடங்கியேதான் கிடந்தது. இப்போதெல்லாம் அவன் அதை நிமிர்த்துவதே இல்லை. அதன்மேல் ஒரு பலகை போட்டு, ஸ்க்ரூ டப்பாக்கள், தாங்கிப் பெட்டி, மட்டம் பார்க்கும் கோல், சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, எல்லாவற்றையும் கை எட்டும் ஒழுங்கில் அடுக்கி வைத்திருந்தான். ஓட்டிக்கொண்டே எடுக்கலாம். நல்ல ஏற்பாடு. அவளே செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள்.

அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் வைக்க ஆரம்பித்தான். ஸ்க்ரூ டப்பா ஒன்று திறந்து கொட்டியது. "ச்சை" என்றான். குனிந்து பொறுக்கினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம் இரு, எடம் பண்ணிடறேன்" என்றான். எரிச்சல் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், ஏறி உட்கார்ந்திருப்பாள். மரியாதை இருந்தது. வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்கு நாற்காலியில் கிடக்கும் துணிகளை அள்ளி அப்பால் போடுகிறவனின் மரியாதை.

"வேணாங்க. நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தைக்க வேண்டியது இருக்கு."

"ஏன், கிளம்பிட்டியே?"

"இல்ல, ஞாபகம் வந்தது."

"நெஜமாவா?"

"ம்."

இன்னொரு தடவை கேட்பான் என்று நின்றாள். அவன் அதற்குள் டப்பாக்களைத் திரும்ப எடுத்துப் பலகைமேல் வைக்கத் தொடங்கியிருந்தான். எடுக்கும்போது தடுமாறிய கை, வைக்கும்போது தடுமாறவில்லை. எது எங்கே என்று பார்க்காமலே வைத்தான். துணி மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கிப் பின்னால் போட்டான். கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டிக் குழிக்குள் வைத்து மூடினான்.

"மத்தியானம் அளவு அனுப்பறேன்," என்றான்.

மாடி ஏறி, நல்ல உடையை மாற்றி மடித்து வைத்துவிட்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். உண்மையில் தைக்க அன்று ஒன்றும் இல்லை. முந்தின நாளே எல்லாம் முடித்திருந்தாள். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் குரல் வருவதற்காகக் காத்திருந்தாள்.